சம்பந்தி அம்மாளின் பாடபேதம்

என் ஒரே பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர முடியாமல் போய்விடுமோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்த காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஒரு மெல்லிய பாட்டுப் புத்தகம். அதில் இருந்த பாட்டைக் கட்டியவள் நான். அதைச் சர்க்காரில் பதிவு செய்தவர் என் கணவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய அக்கிரகாரத்தில் அப்போது எங்கள் வீடு. தெருவில் கல்யாணம் என்றால் நலங்குக்கு என்னைக் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டி விளையாடும்போது, பெண்வீட்டு மாமிகள் சம்பந்தி அம்மாளைக் கேலி செய்து ஏசல் பாட்டுப் பாடுவது வழக்கம். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. உண்மையைச் சொன்னால் என்னிடம் இருந்தது ஒரே பாட்டுத்தான். மெட்டு ஒன்று, ஆரம்ப வார்த்தைகள் ஒன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்திக்குத் தகுந்தபடி நடுவில் மாற்றிக்கொள்வேன். பொடி போடுகிறவருக்கு ஒரு வரி, நகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு வரி. பெண்வீட்டுக்காரர்கள் காதில் போட்டுவைத்த விஷயமெல்லாம் பாட்டில் ஏறிவிடும்.

ஏசலுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. நாங்கள் பாடி முடித்ததும் பிள்ளைவீட்டார் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். மெட்டு மாறக்கூடாது. ஒவ்வொரு வரியின் முதல் வார்த்தையும் மாறக்கூடாது. மற்றதெல்லாம் அவர்கள் சாமர்த்தியம். எதிர்ப்பாட்டு வந்தால்தான் வசவு கழியும் என்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு சிரித்தபடி எழுந்திருப்போம். பதில் வராத ஏசல் வெறும் திட்டு. எங்கள் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் கோட்டை விட்டோம்.

என் பெண்ணைக் கிழக்கேகோட்டையில் கொடுத்தோம். கோயில் மதிலுக்குப் பக்கத்துத் தெரு. ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. சம்பந்தி அம்மாள் கணீரென்ற குரல்காரி. கல்யாணத்துக்கு அவர்கள் ஜட்கா வண்டிகளில் வந்து இறங்கினார்கள். பெட்டியும் படுக்கையும் இறக்கி முடிவதற்குள் எங்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சம்பந்தி அம்மாள் காப்பியில் சர்க்கரை போதாது என்று திருப்பி அனுப்பினார். வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று எனக்கு. அன்று சாயங்காலம் நலங்கில் பாடினேன்:

சம்பந்தி வந்தாளாம் ஜட்கா வண்டியிலே
சாமான் இறக்கவே சாயங்காலம் ஆச்சாம்
காப்பிக்குச் சர்க்கரை காணலை என்றாளாம்
கரண்டி நிறையப் போட்டும் கசப்பு போகலையாம்

பந்தலே சிரித்தது. சிரிப்பு அடங்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பாட்டை எடுத்தார்:

சம்பந்தி வந்தாளே சாப்பாடு எங்கேயோ
சாமான் இறங்கினதும் சமையல் தொடங்கித்தாம்
காப்பி என்று கொடுத்ததிலே காப்பியே காணலையாம்
கரண்டி கழுவின வெந்நீர்தான் வந்துதாம்

எங்கள் சமையல்காரர் கூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நல்ல கை என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டோம். வசவு கழிந்தது.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் சம்பந்தி மாமா காலமாகிவிட்டார். மார்வலி என்றார்கள். நாங்கள் போய்ப் பத்து நாளும் இருந்துவிட்டு வந்தோம். அந்தக் கணீரென்ற குரல் அழுதபோது தெருக்கோடி வரை கேட்டது. அதற்குப் பிறகு அவர் விதவைகளின் நார்மடியை உடுத்திக்கொண்டார், கூடத்துக்கே வருவதில்லை. காலம் ஓடி, மாமாவின் முதல் வருஷத் திதியான வருஷாப்திகமும் முடிந்தது.

அதன் பிறகுதான் புத்தக விஷயம் வந்தது. ஐப்பசி உற்சவத்தின்போது கோட்டை வாசலில் தரையில் சாக்கு விரித்துப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். என் கணவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே என் ஏசல் பாட்டு! பொடி போடும் சம்பந்திக்காக நான் எப்போதோ மாற்றிப் பாடியது, இன்னும் இரண்டு வார்த்தை மாறி, யாரோ ஒரு புலவர் பெயரில் அச்சாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. பகல் முழுவதும் பிறத்தியார் எழுதினதைப் பார்த்து எழுதுகிற மனிதர். அதனாலோ என்னவோ, நகலுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசத்தில் அவருக்கு உயிர்.

"இத இப்படியே விடப்படாது. காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணணும். இனிமே ஒருத்தன் கை வைக்கப்படாது" என்றார்.

மறுநாள் பதிவு ஆபீசுக்குப் போய்விட்டு வாடிய முகத்துடன் திரும்பினார்.

"ஒரிஜினல் ஏதாணு, எதுன்னு ஆபீசர் கேக்கறார்."

"கில்ட் நகைக்குத்தான் ஒரிஜினல் கேப்பா. பாட்டுக்குமா?"

"சிரிக்காதே. ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒவ்வொரு மாதிரி பாடினேன்னு சொன்னேன். அப்போ எல்லாம் வேற வேற பாட்டுன்னுட்டார். ஒண்ண மூலம்னு வெச்சுக்கணுமாம். மத்ததெல்லாம் பாடபேதம்னு தனியாக் காட்டணுமாம். காட்டாததுக்கு நாம பாத்தியதை கொண்டாட முடியாதாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கச்சேரி நடந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டே பாடுவேன். அவர் தரையில் பலகை போட்டுக்கொண்டு முத்து முத்தாக எழுதுவார். "இந்த வரி எந்தக் கல்யாணம்? பொடிக்கு முந்தியா, பிந்தியா?" என்று குறுக்கு விசாரணை வேறு. எனக்கு ஒரு பாட்டு வாய்க்கு வந்தால் வந்ததுதான், பிறந்த தேதி எழுதி வைக்க அது என்ன குழந்தையா? கடைசியில் எங்கள் பெண்ணின் கல்யாணத்தில் பாடியதுதான் முழுசாகவும் நயமாகவும் இருக்கிறது என்று அதையே மூலமாக வைத்தார்.

எதிர்ப்பாட்டு என்ன ஆவது என்ற பேச்சும் வந்தது. அவர் ஆபீசில் கேட்டார். பிறத்தியார் கட்டினதை உங்கள் மனைவி பெயரில் பதிய முடியாது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசில் சொன்னால் அவருக்கு அது வேதம். விட்டுவிட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

புத்தகம் வந்தது. முன்பக்கத்தில் என் பெயருக்குக் கீழே காப்பிரைட் ரிஜிஸ்டர்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சாலைக் கடைத்தெருவில் இரண்டு கடைகளில் தொங்கவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கும் ஒரு பிரதி வெற்றிலை பாக்கோடு போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தியும் வந்தது. எட்டாம் மாதம் சீமந்தம் முடிந்ததும் அழைத்துவந்துவிடலாம் என்று நான் லேகியத்துக்குச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். நாள் பார்க்கலாமா என்று கேட்கக் கோட்டைக்குப் போனேன். சம்பந்தி அம்மாள் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. நான்தான் உள்ளே போனேன்.

"சீமந்தம் இங்க நடக்கும். பிரசவமும் இங்கயே பாத்துக்கலாம்" என்றார், ருத்திராட்சத்தை உருட்டிக்கொண்டே.

"தலைப்பிரசவம் மாமி. அம்மா ஆத்துலதானே வழக்கம்?"

"வழக்கத்தையெல்லாம் யார் பாக்கறா இப்போ?"

பெண் என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தாள். "அந்தப் புஸ்தகம் வந்ததுலேந்துதான் அம்மா, மாமியார் இப்படி இருக்கா. எங்கிட்ட ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆனா உன்னப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து போயிடறா" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காப்பிக்காகவா இத்தனை ஆங்காரம்? பிரசவம் என்றால் விளையாட்டா? எங்கள் தெருவிலேயே தலைப்பிரசவத்தில் போனவர்கள் உண்டு. பக்கத்தில் நான் இல்லாமல் என் பெண் வலி எடுத்துக் கத்தினால்?

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர், "புஸ்தகத்த எல்லாம் திரும்பி வாங்கிக் கொளுத்திடலாம். பதிவையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாவமாக இருந்தது.

அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு மறுபடி கோட்டைக்குப் போனேன்.

"கடைல இருக்கறது, ஆத்துல இருக்கறது, எல்லாத்தையும் அடுப்புல போட்டுடறோம் மாமி. குழந்தைய மட்டும் அனுப்பிச்சுடுங்கோ."

"என்னத்துக்கு அடுப்புல போடணும்? நன்னாத்தானே இருக்கு. காப்பி விஷயமும் நெஜந்தான். எனக்குச் சர்க்கரை கூடத்தான் வேணும்."

"பின்ன என்ன கோபம்?"

அவர் ருத்திராட்சத்தைக் கீழே வைத்தார். "என் பாட்டு எங்கே?"

ஆபீசில் சொன்ன காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே சொத்தையாக இருந்தது.

"ஆபீஸ்ல சொன்னா சரி. உங்களுக்கு ஓர்மை, ஞாபகம் வேண்டாமா? எதிர்ப்பாட்டு இல்லாம ஏசல் உண்டோ? ஊரெல்லாம் படிக்கறா, சம்பந்திக்கு வாய் செத்துப் போச்சுன்னு நெனச்சுக்க மாட்டாளா? நீங்க நாளைக்கு இன்னொரு நலங்குக்குப் போவேள், பாடுவேள். எனக்கு ஒரே பிள்ளை. இருந்ததே அந்த ஒரு நலங்கு. இனிமே என்னை எந்தப் பந்தல்ல கூப்பிட்டு உட்கார வெப்பா? சொல்லுங்கோ. புஸ்தகத்துல ஏறக்கூடத் தாலி வேணுமா மாமி?"

வசவு உறைத்துத்தான் கோபம் என்று நானும் என் கணவரும் எண்ணியிருந்தோம். இந்த அம்மாளின் வாயை உலகமே அடைத்துவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடுக்கையும் நாங்கள் அடைத்திருந்தோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கோ மாமி, இப்பவே எழுதிக்கறேன்" என்றேன்.

பெண் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாடவில்லை, வசனமாகச் சொன்னார். நாலு வரி முடிந்ததும் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

பாயசம் பரிமாறப் பத்துப் பேர் வந்தாளாம்
பாத்திரம் மாத்திரமே பந்திக்கு வந்துதாம்

"இது அன்னிக்குப் பாடலையே மாமி?"

"பாடலை. அப்புறம் தோணித்து. அந்த வருஷம் பூரா மூலைல உட்கார்ந்துண்டு இருந்தேனோல்லியோ? வாய் அசையறதப் பாத்துட்டு எல்லாரும் ஸ்லோகம் சொல்றேன்னு நெனச்சா."

என் பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பாயசத்தைப் பற்றி அப்படிச் சொன்னதற்குக் கொஞ்சம் கோபமும் வந்தது, அதையும் மறைப்பானேன்.

"அச்சாகி வரட்டும். அன்னிக்கு நாள் பாத்துக்கலாம்" என்றார் சம்பந்தி அம்மாள். ஆக, என் பெண் வருவது அச்சாபீசின் கையிலும் பதிவு ஆபீசின் கையிலும் போய் நின்றது.

பதிவு ஆபீசில் என் கணவருக்குச் சுலபமாக ஒரு வழி சொன்னார்கள். மெட்டு உங்கள் மனைவியுடையது, ஆரம்ப வார்த்தைகளும் அவருடையவை, ஆகவே இதுவும் மூலத்தின் பாடபேதம்தான், அவர் பெயரிலேயே சேர்த்துவிட்டால் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடும் என்றார்களாம். முன்பு பிறத்தியார் பாட்டு என்று தள்ளியதும் அதே ஆபீஸ்தான். என் கணவர் வீட்டுக்கு வந்து, "சீக்கிரம் ஆயிடும்" என்று இழுத்தார்.

"நன்னா இருக்கே! அந்த வசவு எனக்கு விழுந்த வசவு. என் காப்பி கரண்டி கழுவின வெந்நீர்னு நானே பாடிண்டேன்னு ஊருக்குச் சொல்லப்போறேளா?" என்று கத்தினேன்.

அவர் மறுநாள் மறுபடி போனார். நகல் குமாஸ்தாவாக இருந்து பழகிய பொறுமை அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அங்கேயே உட்கார்ந்து பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். எதிர்ப்பாட்டு சம்பந்தி அம்மாள் பெயரில் தனிப் பாட்டாகப் பதிவாகும். என் பாட்டைத் தழுவிக் கட்ட எனக்குப் பூரண சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் தோறும் எதிரி வீட்டார் நம் பாட்டை எடுத்து நம்மையே திட்டுவார்கள், அதற்கு நாம் சர்க்காருக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும்! ஆனாலும் போட்டேன், சந்தோஷமாகவே போட்டேன்.

அச்சாபீஸ்காரர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். எழுத்து போதவில்லை, ஆள் வரவில்லை, கோயில் நோட்டீஸ் அவசரம். என் பெண்ணுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அச்சாபீஸ் வாசலிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கிரகாரத்து மாமி கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அச்சாபீஸ்காரருக்கு வெட்கமாகப் போய், கோயில் நோட்டீசை ஒதுக்கிவிட்டு எங்கள் வேலையை எடுத்தார். மை காயாத பிரதிகளோடு ஜட்கா பிடித்து நேரே கோட்டைக்குப் போனேன்.

சம்பந்தி அம்மாள் புத்தகத்தை வாங்கித் தன் பெயர் இருந்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, "வாத்தியாரண்ட போய்ச் சீமந்தத்துக்கு நாள் பாத்துண்டு வா. சாயங்காலமே பொண்ண அவா ஆத்துக்கு அனுப்பற மாதிரி இருக்கட்டும்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சீமந்தத்தன்று கூடம் நிறையச் சுமங்கலிகள். என் பெண் வளையலும் பூவுமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அம்மாள் வழக்கப்படி உள் அறையில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு இருந்தார். மந்திரமெல்லாம் முடிந்ததும் மாமிகள், பதிவான பாட்டைப் பாடியே ஆக வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏசலைப் பாடினேன். பிறகு பிள்ளைவீட்டு முறை. மாப்பிள்ளையின் அத்தை புத்தகத்தை வைத்துக்கொண்டு எதிர்ப்பாட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. என் பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள், இதற்குப் பாக்குவெட்டியைத் தேடினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தையிடமிருந்து புத்தகத்தை வாங்கி, உள் அறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னைத் திட்டும் பாட்டை நானே பாட ஆரம்பித்தேன். மூன்று வரி போயிற்று. நாலாவது வரியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கரண்டிய அப்படி முழுங்கப்படாது மாமி. இழுக்கணும். இழுத்தாத்தான் உறைக்கும்."

மங்கள காரியத்தில் அவர் வாய் திறந்துவிட்டாரே என்று அத்தையின் முகம் மாறியது. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, "எனக்குப் பிடிபடலை மாமி. ஒருதரம் சொல்லிக் குடுங்கோளேன்" என்றேன்.

சொல்லிக்கொடுப்பது பாடுவதாகாது. அதற்கு ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. உள்ளே ருத்திராட்சத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கணீரென்ற குரல் கரண்டியை இழுத்து, வெந்நீரில் ஒரு சுழி போட்டு, வரியை முழுக்கப் பாடிக் காட்டியது. மாமிகள் கொல்லென்று சிரித்தார்கள். என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வாசலில் எங்களைக் கரமனைக்கு அழைத்துப்போக வண்டி காத்திருந்தது. வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அந்த வரியை வேண்டுமென்றே தப்பாகப் பாடினேன். "அப்படி இல்லை மாமி" என்று அவர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அடுத்த வரியையும் தப்பாகவே பாடினேன்.